சூடாக இருந்த பானெட்

ஆக்லாந்து
9.7.1996

அன்புள்ள சாருமதிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் கைக்காயம் ஆறிவிட்டதா?

கார் வாங்கிவிட்டேன். சந்தோஷப்படாதே. காலையில் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. மூன்று நாளாக எல்லர்ஸ்லி ஆபீசுக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். பிரேக் பிடிக்கிறதா என்று கேட்காதே, ஓடினால்தானே பிரேக்.

விற்றவர் ஹில்ஸ்பரோவில் இருக்கும் நல்லசாமி என்ற மலேசியத் தமிழர். போன் செய்தால், “எங்கிட்ட நல்லாத்தானே ஓடுச்சு தம்பி” என்கிறார். எரிச்சல் எரிச்சலாக வருகிறது, அவர் மேல் பாதி, என் மேல் பாதி. லாரிப் பட்டறையில் வளர்ந்தவள் நீ, தெளிவாகத்தான் எழுதியிருந்தாய்: என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும், பானெட் சுட்டால், கோளாறை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், திரும்பி வந்துவிடு என்று. மெக்கானிக்கைக் கூட்டிப் போகவும் சொன்னாய். அவர்கள் வீட்டில் சாப்பிட்டு எழுந்து, எந்த முகத்தோடு மெக்கானிக்கைக் கூட்டி வருகிறேன் என்பேன்?

வண்டி இருமி இருமி நின்றுவிடுகிறது. என்னவாக இருக்கும் என்று மாமாவிடம் கேட்டு எழுது. பாப்பா பேசுவதைக் கேசட்டில் பதிந்து அனுப்பு. காரில் டேப் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இதை மட்டும் மாமாவிடம் சொல்லாதே. பானெட்டை நான் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அதற்குள் அவர் மனைவி வாசலுக்கு வந்து, “சோறு ஆறிடப் போவுது, வாங்க தம்பி” என்று கூப்பிட்டுவிட்டார். நான்கு மாதமாக என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை, சாரு.

உன்
கதிரேசன்