முன்கூட்டிச் சொன்ன தேதி

என் செல்லக் குட்டிக்கு, அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் இங்கே பொழுது விடிகிறது. நாங்களும் சுகம் என்று எழுதக் கை பழகிவிட்டது, இந்த முறை மனசு வரவில்லை. அப்பாவுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதே, இடது கையால் சாப்பிட்டுக்கொண்டு, உப்பு இல்லை என்று குறை சொல்லுமளவுக்குத் தெம்பாகத்தான் இருக்கிறார். உடைத்தவன் உன் மாமா, என் கூடப் பிறந்த தம்பி.

அவன் போனில் உன்னிடம் வேறு கதை சொல்லியிருப்பான், நடந்ததைக் கேள். மாநில மண் பாதுகாப்புக் குழுவில் நான் உறுப்பினர் என்பது உனக்குத் தெரியும். சரிவில் யார் எவ்வளவு வெட்டலாம் என்று அனுமதி கொடுப்பதும், மீறினால் நேரில் போய் அளந்து தடை போடுவதும் எங்கள் வேலை. மண்ணுக்குத் தாலாட்டுப் பாட ஒரு கமிட்டியாக்கா என்று மாமா கேலி செய்வானே. மண் வெட்டும் அவன் பொக்லைன் வண்டி மேட்டுத் தெருவுக்கு மேலே அனுமதியைப் போல மூன்று மடங்கு குடைந்துவிட்டது, கீழே நாற்பது வீடு, ஒரு கனமழை போதும். ஆய்வுத் தேதியை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பதுதான் குழுவின் முதல் விதி. நான் விட்டேன். முந்தின நாள் சாயங்காலமே அவனைக் கூப்பிட்டு, நாளைக்கு வர்றோம்டா, வண்டிய இறக்கிட்டு மரியாதையா ஒதுங்கிக்கோ என்றேன். தம்பி மானம் போகக் கூடாதே என்ற பாசம், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவன் வண்டியை இறக்கவில்லை, ஆளை ஏற்றி வைத்திருந்தான். எங்கள் குழு ஜீப் நின்றதுமே கல் பறந்து வந்தது. ஓட்டுநரை வெளியே இழுத்துப் போட்டு முகத்திலேயே மிதித்தார்கள், அவர் வாயெல்லாம் மண்ணும் ரத்தமுமாக இருந்தது. ஆள் போதவில்லை என்று அளவு நாடா பிடிக்க என்னோடு வந்திருந்த அப்பா குறுக்கே விழுந்தார். நகருங்க அத்தான், நகருங்க அத்தான் என்று கத்திக்கொண்டே மாமா இரும்புக் குழாயால் அவரை அடித்தான். மண்ணைத் துளைத்துப் பார்க்கும் கம்பி என் கையில் இருந்தது, அவன் முழங்காலில் போட்டேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது, கீழே விழுந்தான், அதன் பிறகும் ஒரு அடி அடித்தேன். அந்த இரண்டாவது அடிக்கு என்னிடம் நியாயம் இல்லையடி, வெறும் ஆத்திரம்தான். போலீசில் அதையும் சொல்லிவிட்டேன்.

ஓட்டுநருக்கு இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, எவளோ எவனோ முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்காங்கக்கா, அவங்க விளங்கவே மாட்டாங்க என்று அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவு கோழை உன் அம்மா. இப்போது மாமா ஆளனுப்பியிருக்கிறான், குழு அன்றைக்கே போட்ட தடையை நான் எடுக்க வைத்தால் அவனும் வாயை மூடிக்கொள்வானாம், இல்லையென்றால் தேதி சொன்னது யாரென்று ஊரெல்லாம் சொல்வானாம். அப்பா பேசாமல் இரு என்கிறார். எப்படி இருப்பது? நாளைக் காலை குழு கூடுகிறது, நானே சொல்லப்போகிறேன், தடை அப்படியே நிற்கும். அதற்கு முன்னால் ஓட்டுநர் மனைவியிடம் போய்ச் சொல்ல வேண்டும். குழு என் பதவியைத்தான் பிடுங்கும், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் அதைவிடப் பெரிய தண்டனை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. மாமா கூப்பிட்டால் போனை எடு, அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், இனி மிரட்ட ஒன்றுமில்லை என்று சொல். அப்புறம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு எனக்கு எழுது. நான் கேட்க முடியாது.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா