காது வலிக்கு வரும் எண்ணெய்

என்னங்க,

தையல் கடையில் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது. வர எட்டு மணி ஆகும். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. முட்டையை மட்டும் நீங்களே பொரித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்குப் பாஸ்டரம்மா வருகிறார். காலையில் போன் செய்து, "உங்க காது வலிக்காக நம்ம சபையில மூணு நாளா உபவாச ஜெபம் நடக்குது சிஸ்டர், எண்ணெய் ஜெபிச்சு எடுத்துட்டு வரேன்" என்று உருகினார். நம்ம சபையாம்! நாம் வெளியே வந்து இரண்டு வருடம் ஆகிறது.

என் கடைச் சண்டை, அம்மாவின் ஆபரேஷன் எல்லாம் அங்கே எப்படிப் போய்ச் சேருகிறது என்று எனக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம். அதனால்தான் போன வாரம் காது வலி என்று ஒரு பொய் சொன்னேன். உங்களிடம் மட்டும்தான் சொன்னேன்.

"விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?" என்று அன்று சபையில் அவர்கள் கேட்டதை நம்பி வலிப்பு மாத்திரையை நிறுத்தினேன். வலிப்பு வந்து நடுரோட்டில் விழுந்தபோது தூக்கியது நீங்கள்தானே? அதற்குள் மறந்துபோச்சா?

போக வேண்டுமென்றால் போங்கள். சண்டை போடுவேன், தடுக்க மாட்டேன். என்னை ஜெபக் குறிப்பாக்கி அங்கே கொண்டுபோகாதீர்கள்.

எந்தக் காது என்று அந்தம்மா கேட்பார். நீங்களே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை தீர்ந்துவிட்டது. டாக்டர் சீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது, வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நீங்கள் ஜெபிப்பதுகூடக் கேட்கிறது. தண்ணீர் வீணாகிறது. கூடத்திலேயே முட்டி போடுங்கள்.