ஆரஞ்சு ஆரஞ்சு பிரவுன்

மார்ச் 4, செவ்வாய்

சர்வீஸ் சென்டரில் புது அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஜூன் மாதத்திலிருந்து, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவர்கள் மட்டும்தான் மெஷின்களின் சர்க்யூட் போர்டைத் தொடலாம். மற்றவர்கள் முன்னால் கவுன்ட்டரில் உட்கார்ந்து, வருகிற பொருளை வாங்கிவைத்து ரசீது எழுத வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக நான் போர்டுகளுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வயது நாற்பத்தெட்டு. என் கையெழுத்தை நானே படிக்க முடியாது, ரசீதாம்.

தேர்வில் என்ன கேட்பார்கள் என்று மேனேஜரிடம் விசாரித்தேன். "எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதாண்ணே. கொஞ்சம் கணக்கு இருக்கும்" என்றார். அந்தக் 'கொஞ்சம்' எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 6

புத்தகம் வாங்கினேன். முதல் பக்கம் நன்றாகப் புரிந்தது. அதில் அச்சகத்தின் முகவரி இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

எண்ணை வைத்துக் கணக்குப் போட்டாலே எனக்கு வராது. இவர்கள் எழுத்தை வைத்துப் போடுகிறார்கள். வோல்ட்டேஜுக்கு வி, சரி. ரெசிஸ்டருக்கு ஆர், அதுவும் சரி. கரண்டுக்கு ஐ. ஏன் ஐ? யாரைப் போய்க் கேட்பது?

"என் தம்பி கணக்கு வாத்தியார்தானே, அவன்கிட்ட போய் உக்காருங்களேன்" என்றாள் மனைவி, காய் நறுக்கிக்கொண்டே. எல்லாம் தெரிந்தும் தெரியாதவள் மாதிரி!

மூன்று வருஷத்துக்கு முன்பு அவன் வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தபோது ஃபேன் ரெகுலேட்டர் போய்விட்டது. இரண்டே நிமிஷத்தில் மாற்றினேன். அதோடு இறங்கியிருக்கலாம். ஸ்டூலில் நின்றபடியே, "ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லித் தர்றான், வீட்டு ரெகுலேட்டரை மாத்தத் தெரியல பாருங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

போனேன். வேறு வழி?

வாசலிலேயே ஆரம்பித்தான். "வாங்க மாமா. ரெகுலேட்டர் நல்லா ஓடுது." மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்திருக்கிறான், பாவி.

எட்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தான். கூடவே ஒரு சிவப்புப் பேனாவையும். பின்னத்தில் தொடங்கினோம். அந்தப் பக்கம் வகுப்பது இந்தப் பக்கம் வந்தால் பெருக்குமாம். ஏன் என்று கேட்டேன். இரண்டு பக்கத்தையும் ஒரே எண்ணால் பெருக்கிக் காட்டினான். புரிந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போய்விட்டது.

மார்ச் 23, ஞாயிறு

"உங்களுக்கு நல்லாப் பழக்கமான ரெசிஸ்டர் ஒண்ணு சொல்லுங்க மாமா, அதையே கணக்காப் போடுவோம்" என்றான் மச்சான்.

யோசிக்காமல் "ஆரஞ்சு ஆரஞ்சு பிரவுன்" என்றேன். ரெசிஸ்டரின் உடம்பில் இருக்கும் வண்ணக் கோடுகள் அவை. என் கை அதிகமாக எடுத்த சரக்கு அதுதான். ஆரஞ்சு என்றால் மூன்று, பிரவுன் என்றால் பின்னால் ஒரு பூஜ்ஜியம். ஆக, முந்நூற்று முப்பது ஓம். நான் இத்தனை நாளும் அதை எண்ணாகப் பார்த்ததே இல்லை. வண்ணத்துக்கு வண்ணம் பொருத்துவேன், அவ்வளவுதான்.

அதன் குறுக்கே பன்னிரண்டு வோல்ட் கொடுத்தால் கரண்ட் எவ்வளவு? முப்பத்தாறு ஆம்பியர் என்று எழுதினேன். எழுதிய கையோடு அடித்தேன். "அவ்வளவு போனா அங்க ரெசிஸ்டர் இருக்காது, கரிதான் இருக்கும்" என்றேன். புள்ளி தவறியிருந்தது. முப்பத்தாறு மில்லி ஆம்பியர்.

மச்சான் பேனாவை மூடினான். "என் பசங்க முப்பத்தாறாயிரம்னு எழுதிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க மாமா" என்றான். இதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 2

மைனஸ் ஒன்றுக்கு வர்க்கமூலம். அப்படி ஓர் எண் கிடையாதாம், ஆனால் கணக்குக்கு வேண்டுமாம். இருக்கிற கரண்டுக்கு இல்லாத எண்.

ஏப்ரல் 11

இன்று எதுவும் ஏறவில்லை. மூன்று மணி நேரம். ஒரே கணக்கு, மூன்று விடை. சீ, இந்த மண்டையில என்னதான் இருக்கு? கவுன்ட்டர்ல உக்காந்தா என்ன, குறைஞ்சா போயிடுவேன்?

குறைந்துதான் போவேன். அதுதான் பயம். நான் தொடக் கூடாத போர்டை நானே வாங்கிவைத்து ரசீது எழுதுவதா?

ஏப்ரல் 17, வியாழன்

சலவைக்கடை அம்மா வந்தார். பத்துப் பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். துணி காயவைக்கும் பெரிய மெஷினின் போர்டைக் கழற்றி, தலையணை உறையில் சுற்றி எடுத்து வருவார். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். "தம்பி கை பட்டாத்தான் அது ஓடும். கைராசிக்காரர்" என்றார், மேனேஜர் காதில் விழும்படி. எனக்கு எதற்குச் சான்றிதழ் என்று தோன்றியது.

போர்டைப் பிரிக்கும் முன்பே தெரியும் என்ன போயிருக்கும் என்று. மெஷினை ஓட்டி நிறுத்தும் சுவிட்சான ரிலேவுக்குப் பக்கத்தில், ஆரஞ்சு ஆரஞ்சு பிரவுன். எப்போதும் அதுதான். பழசு எந்த வண்ணமோ அதே வண்ணம், எந்த அளவோ அதே அளவு. இந்த விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை. நாளை மாற்றிக் கொடுத்துவிடலாம்.

ஏப்ரல் 18

மாற்றவில்லை.

டீ குடிக்கும் நேரத்தில் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். போர்டுக்கு வருவது இருபத்துநான்கு வோல்ட். ரிலேவுக்குப் பன்னிரண்டு போதும். மீதிப் பன்னிரண்டை இந்த ரெசிஸ்டர் தலையில் கட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி, முந்நூற்று முப்பதால் வகுத்தால் எத்தனை வாட் சூட்டை அது தாங்குகிறது என்று தெரியும். 0.436. நான் போடும் அளவு தாங்குவது கால் வாட்.

மூன்று முறை போட்டேன். என் விடை தப்பாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு கணக்குப் போட்டது இதுதான் முதல் தடவை.

வேலை முடிந்ததும் மச்சான் வீட்டுக்குப் போனேன். பார்த்தான். சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு டிக். "சூப்பர் மாமா! ஒரு இடத்துலகூடத் தப்பில்ல!" என் முகத்தில் ஈயாடவில்லை.

தயாரித்தவர்கள் ஒரு தடவை தப்புச் செய்தார்கள். நான் பன்னிரண்டு தடவை செய்திருக்கிறேன், அதே வண்ணத்தில், அதே அளவில். பதினோரு வருஷமாக அந்த அம்மா என்னைத் தேடி வந்தது கைராசியால் இல்லை. நான் மாற்றியது நிலைக்காததால் வந்திருக்கிறார்.

ஏப்ரல் 19, சனி

ஒரு வாட் ரெசிஸ்டர் போட்டேன். அதே வண்ணம்தான், உடம்பு மட்டும் பெரிது. காற்றுப் படட்டும் என்று போர்டிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்தேன்.

சொல்லாமலே கொடுத்துவிடலாம். ஓடும். இனி வர மாட்டார், ஏன் என்றும் கேட்க மாட்டார். காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இனிமே அடிக்கடி வர வேண்டியிருக்காது" என்று வாய் தானாக ஆரம்பித்துவிட்டது.

"ஏன், வேலையை விட்டுட்டுப் போறீங்களா தம்பி?"

"இல்லம்மா. இத்தனை வருஷமா நான் தப்பான அளவுதான் போட்டுட்டிருந்தேன். இப்பதான் கணக்குப் போட்டுப் பாத்தேன்."

போர்டைத் தலையணை உறையில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "பன்னெண்டு தடவையுமா?"

"பன்னெண்டு தடவையும்."

"தெருவெல்லாம் உங்க கைராசியைச் சொல்லிட்டுத் திரிஞ்சேனே" என்றார். பிறகு, "இந்தத் தடவை பில் போடாதீங்க" என்றார். போடவில்லை. அம்மா எப்போதும் வாசலில் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். இன்று திரும்பவில்லை.

மே 24

தேர்வு. கணக்குத் தாளில் எல்லாக் கேள்விக்கும் எழுதினேன். இல்லாத எண்ணுக்குக்கூட.

ஜூன் 3

தேறிவிட்டேன். கணக்கில் ஐம்பதுக்கு முப்பத்தேழு. செய்முறையில் இருபத்துநான்கு. கொடுத்த போர்டில் பழுதை நான்கு நிமிஷத்தில் கண்டுபிடித்தேன், ஆனால் எந்த வரிசையில் அளந்தேன் என்று எழுதவில்லையாம். அளந்தால்தானே எழுதுவதற்கு! இருபத்திரண்டு வருஷம் செய்த வேலையில் மார்க் குறைவு. மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.

பிப்ரவரி 27

பத்து மாதம் தாண்டிவிட்டது. சலவைக்கடை அம்மா வரவில்லை. கணக்குப்படி வரக் கூடாது. வேறு கடைக்குப் போயிருந்தாலும் வர மாட்டார்.

மார்ச் 2

இருப்புக் கொள்ளவில்லை. பீரோவிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ரிலே விழுகிற சத்தம் ஒரு தடவை கேட்டது, சுத்தமாக.

அம்மா சட்டையை விரித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். "இது துவைச்சதுதானே?"

நான் மெஷின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓடிட்டுத்தான் இருக்கு. நிக்கவே இல்ல" என்றார், என்னைப் பார்க்காமல். சட்டையை மூட்டையில் போட்டுவிட்டு ரசீது கிழித்துக் கொடுத்தார். வியாழக்கிழமை வரச் சொன்னார்.

தெருமுனைக்கு வந்துதான் ரசீதைப் பிரித்தேன். பெயர் எழுதும் இடத்தில் 'கணக்குக்காரர்' என்று எழுதியிருந்தார். சட்டை வாங்கும்போது ரசீதைத் திருப்பிக் கேட்பார், தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன்.