புது மொடல் வரட்டும் என்று சொன்ன வாய்

இயேசு மரி சூசை துணை

உச்சமுனை,
நவம்பர் 12, புதன்கிழமை.

என் அன்பு மகன் கிளைட்டனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அன்னம்மாள் தாயாரின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சியும் உடம்பால் சுகம், நீயும் அந்தத் தோஹாவில் காய்ச்சல் தலையிடி ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று செபமாலை முடிகிற நேரமெல்லாம் உன் பேரைச் சொல்லித்தான் சிலுவை போடுகிறேன். மனதால் சுகமா என்று கேட்டால் இல்லை மகன், பயத்தில் எனக்கு ஒரு கிழமையாகச் சோறு இறங்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். இங்கே சிக்னல் கிடைக்கிறது கோயிலுக்குப் பின்னால் உள்ள மணல்மேட்டில்தான், அங்கேயும் லவுட்ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைக்க வேண்டும், அப்பாவும் தங்கச்சியும் பக்கத்திலேயே நிற்பார்கள். நான் சொல்லப் போகிறது அவர்கள் கேட்கக் கூடாத கதை. உன் அறையில் இருக்கிற நௌஃபர் தன் தங்கச்சியின் கலியாணத்துக்கு வந்தவன் சனிக்கிழமை திரும்புகிறான், இதை ஒட்டி அவன் கையில் கொடுத்து விடுகிறேன். கடையில் நின்று வாசிக்காதே, அறைக்குப் போய்த் தனியாக இருந்து வாசி.

லெப்டொப் கதைதான் மகன். திரும்பவுமா என்று அலுத்துக்கொள்ளாதே. பாஸ்கா நேரம் தங்கச்சி அஜித்தா உன்னிடம் கேட்டபோது ஜூனில் புதுசு வருது, இப்ப வாங்கினால் ரெண்டு மாசத்தில பழசாகிப் போகும் என்றாய். ஜூன் வந்தது, புதுசும் வந்தது, அதற்குப் பிறகு வருகிறதில் ஏதோ மூளை இரண்டு மடங்காம், அதோடு இது விலையும் இறங்குமாம், ஓகஸ்ட் வரைக்கும் பொறு என்றாய். ஓகஸ்டில் கேட்டால் நத்தாருக்கு இன்னொன்று வருகுதாம். நீ கம்ப்யூட்டர் கடையில் நிற்கிறவன், எது எப்போது வரும் என்று உனக்கு முன்கூட்டியே தெரிகிறது, அதனால்தான் உனக்கு எதையுமே வாங்க மனம் வருகுதில்லை. கடலில் அலை ஓய்ந்த பிறகு குளிக்கலாம் என்று நின்றவன் குளித்தானா சொல் பார்ப்போம். உன்னை மட்டும் ஏசவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் முகம் தொங்கிப்போய் நிற்க, அண்ணா நல்லதுக்குத்தானே சொல்லுறான், பொறு பிள்ளை என்று சொன்னது நான்தான்.

அவளுடைய கோர்சுக்குக் கடைசி வேலை ஒன்று செய்து தை முடிவுக்குள் கொடுக்க வேண்டும், அது போனில் செய்ய ஏலாது. அதற்காகக் கிழமையில் ஐந்து நாளும் நிலுக்சனின் போட்டில் ஏறி அக்கரைக்குப் போய், கற்பிட்டியில் கூடப் படிக்கிற நஜாத்தின் வீட்டில் அந்தப் பிள்ளையின் லெப்டொப் ஓய்கிற நேரம் பார்த்து வேலை செய்துவிட்டு வருகிறாள். நஜாத்தின் உம்மா மைமூனா ராத்தா தங்கமான மனுசி, எந்தப் புள்ளையும் நம்மட புள்ளதான், இங்கேயே தங்கட்டும் என்றுதான் சொல்கிறா. ஆனால் இரண்டே அறை உள்ள வீட்டில் அவர்களே எட்டுப் பேர், எப்படித் தங்க விடுகிறது. கையில் ஒன்று இருந்தால் அஜித்தா வீட்டிலேயே இருந்து செய்வாள், சனிக்கிழமை வகுப்புக்கு மட்டும் போனால் போதும். உனக்கு அது நல்லதா கெட்டதா என்று பார்க்கிற ஒரு சாமான் மகன், எனக்கு அது பிள்ளை தண்ணீரில் போகிறதா போகாததா என்கிற கணக்கு.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை அவள் உன்னிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பாள், நான் சொல்கிறேன் கேள். காலையில் போகும்போது வானம் வெளுத்துத்தான் இருந்தது. மூன்று மணிக்கு மேல் வடக்கே கருத்து, உடுப்புக் கொடியில் கிடந்ததை எல்லாம் நான் எடுத்து முடிக்கும் முன்னே காற்று அடித்து எங்கள் குசினித் தகரம் ஒன்றைத் தூக்கிப் போட்டது. நாலரைக்கு வருகிற போட் ஐந்து மணிக்கும் இல்லை. மணல்மேட்டில் ஏறிப் போன் எடுத்தால் வேலை செய்யவில்லை என்று ஒரு பொம்பிளை சிங்களத்தில் சொல்கிறாள். ராத்தாவுக்கு எடுத்தேன், புள்ள அஸர் தொழுகைக்கு முந்தியே ஏறிட்டாளே என்று சொல்லிவிட்டு அவவும் யா அல்லாஹ் என்று அழத் தொடங்கிவிட்டா. இந்த மாதம் மரித்த ஆத்துமாக்களின் மாதம் வேறு, இரண்டாம் திகதிதான் சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தோம், அதெல்லாம் மனதில் வந்து நின்றது. கரையில் நின்று என்ன செபம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, அருள் நிறைந்த மரியே பாதியில் விசுவாச மந்திரத்துக்குப் போய்விட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீ சிரிப்பாய், சிரி. அன்றைக்கு நீ என் பக்கத்தில் நின்றிருந்தால் உனக்குப் பேய் தெரிந்திருக்கும்.

அப்பா என்ன செய்தார் என்று உனக்குத் தெரியாது, அதை அஜித்தாவும் சொல்லியிருக்க மாட்டாள். ஏழு வருசமாக அவர் கடல் தண்ணீரில் கால் வைக்கவில்லை என்று உனக்குத் தெரியும்தானே. வலை பொத்துவதும் மணலில் இருந்துதான், கால் கழுவுவதும் வாளித் தண்ணீரில்தான், கரையில் அலை ஏறினால் கதிரையைப் பின்னால் இழுத்துக்கொள்கிற மனுசன். அன்றைக்கு டோர்ச் லைட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் போனார். முழங்கால், தொடை, இடுப்பு என்று தண்ணீர் ஏற ஏற நான் கத்துகிறேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் நின்று லைட்டை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிள்ளை ஒரு பக்கம், இந்த மனுசன் ஒரு பக்கம், நான் யாருக்காகப் பயப்படுகிறது சொல்.

ஏழு மணிக்குக் கிட்ட வந்தார்கள் மகன். காற்றுக்கு ஒதுங்கி நிலுக்சன் போட்டைக் கண்டல் பற்றைக்குள் விட்டுக் கட்டியிருக்கிறான், நல்ல பிள்ளை, கடவுள் அவனைக் காப்பாற்ற வேண்டும். அஜித்தா தலையில் இருந்து கால் வரை நனைந்து நடுங்கிக்கொண்டு இறங்கினாள். இறங்கினதும் என்ன சொன்னாள் தெரியுமா, கழுத்தில் மாதாவின் உத்தரியக் கயிற்றில் பொலித்தீன் சுற்றிக் கட்டியிருந்த பென் டிரைவை எடுத்துக் காட்டி, அம்மா இது நனையேல்ல, ஒண்டும் அழியேல்ல என்று சந்தோசப்படுகிறாள். அவளுக்குப் பயமே இல்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பயம். அடுத்த நாளும் போக வேண்டும் என்று உடுப்பைக் காயப் போட்டாள், போகாதே என்றேன், அப்ப மூண்டு வருசப் படிப்பைக் கடல்ல போடவா அம்மா என்று கேட்டாள்.

இனிச் சொல்லப் போகிறதுதான் நான் கடிதம் எழுதியதற்குக் காரணம். அடுத்த நாள் காலை அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போய்க் கொடுத்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல், இஞ்ச பாரு, இந்த முறையும் புது மொடலுக்குப் பொறுக்கப் போறியா என்று கேட்டார். அவ்வளவுதான். ஏழு வருசத்தில் முதல் தடவையாக அந்தக் கதையை அவர் வாயால் எடுத்தார்.

உனக்கு அப்போது பதினேழு வயது. நம் போட்டின் பழைய இஞ்சின் இருமிக்கொண்டு கிடந்தது, புதுசு வாங்கக் காசும் கையில் இருந்தது, அப்பா சிலாபத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். அங்கே கடையில் இருந்தவர் இப்போதும் எடுக்கலாம், ஆவணித் திருவிழாவோடு புது மொடல் வருகிறது, எது விருப்பம் என்று கேட்டிருக்கிறார். அப்பா இருக்கிறதையே எடுப்பம் என்றார். நான்தான் மகன் வேண்டாம் என்றேன். ஆறு கிழமைதானே, புது மொடல் வரட்டும், தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவில ஃபாதரைக் கொண்டு மந்திரிச்சுக் கடல்ல இறக்குவம் என்று சொன்னது இந்த வாய்தான். எல்லோருடைய இஞ்சினும் தீர்த்தம் தெளிக்க வரிசையாக இருக்கும்போது நம்முடையது போன வருசத்து மொடலாக இருக்கக் கூடாது என்கிற வீம்பு எனக்கு. ஆசீர்வாதத்துக்குப் பொறுத்தேன் என்று அப்போது மனதைச் சமாளித்தேன், அது பொய், பவுசுக்குத்தான் பொறுத்தேன். திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது கச்சான் காற்றில் அந்தப் பழைய இஞ்சின் நின்றுபோய் மூன்று நாள் உன் அப்பா தனியாகக் கடலில் கிடந்தார். மன்னார்ப் பக்கத்து போட்காரர் கண்டு கட்டி இழுத்து வந்தபோது அவருக்கு நாக்கு உள்ளே போயிருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும்.

பெரியப்பா வாசலில் வைத்து, காசு இருந்தும் அந்த இரும்போடயா போனாய் மடையா என்று எல்லோருக்கும் முன்னால் ஏசினார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்குத்தான் அண்ணன் புது மொடல்ல ஆசை என்று சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீயும் அங்கே நின்றாய். உன் ஆசைக்காக எங்களை அநாதையாக்கப் பார்த்தாய் என்று அவரிடம் கத்திவிட்டு ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. இன்றைக்கும் போனில் சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா என்பதற்கு மேல் அவரோடு நீ கதைக்கிறதில்லை. அவர் ஓம் மகன், ஓம் மகன் என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தந்துவிட்டு மணல்மேட்டில் இருந்து இறங்கிப் போகிறதை நான் ஏழு வருசமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்லிவிட்டேன், உன்னிடம் சொல்லத்தான் எனக்குத் தைரியம் இல்லை. நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று பயம். இப்போதும் பயம்தான், ஆனால் பிள்ளை கடலில் போகிற பயம் அதை விடப் பெரிதாகிவிட்டது.

ஆகவே கேள். நௌஃபரின் மச்சான் முபாரிஸ் இருபத்தைந்தாம் திகதி அங்கேயிருந்து லீவில் வருகிறானாம், நௌஃபர் சொன்னான். இன்றைக்கு உன் கடையில் இருக்கிறதில் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்து விடு. எந்த வருசத்து மூளையோ இருக்கட்டும், பழசானால் என்ன, நானும்தான் பழசு, இன்னும் உங்களுக்கெல்லாம் சமைத்துப் போடவில்லையா. உப்புக் காற்றுக்கு நாலு வருசம் தாங்காது, வாங்குவதென்றால் நல்லதாக வாங்க வேண்டும் என்று நீ சொன்னது உண்மைதான், நம் டிவியை உப்புத் தின்றதை நானே பார்த்தேன். நாலு வருசம் தேவையில்லை மகன், தை முடியும் வரை தாங்கினால் போதும். அப்பா ஏற்கனவே மீன் பெட்டி ஒன்றைக் கழுவி வெயிலில் போட்டு, வெள்ளை ரெஜிஃபோம் துண்டை வெட்டி உள்ளே துவாய் ஒட்டி அதற்கு ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறார், தண்ணியில விழுந்தாலும் மிதக்கும் என்று தங்கச்சியிடம் காட்டினார். மீன் மணம் போகவில்லை, அதை மட்டும் அவரிடம் சொல்லாதே. முபாரிஸ் வெறுங்கையோடு வந்தால் இருபத்தாறாம் திகதி விடிய நானே புத்தளம் போய்க் கடையில் எது இருக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வருவேன், பிறகு அம்மா ஏமாந்துபோனா என்று சொல்லாதே.

நீ வெள்ளிக்கிழமைப் பூசையை விடாதே, அந்த ஏசிக் குளிரில் வெறும் தலையோடு நிற்காதே, இரவில் நூடில்ஸ் மட்டும் அவித்துத் தின்றுவிட்டுப் படுக்காதே. மாம்புரி மாமி கொடுத்த மாசிச் சம்பலும் கொஞ்சம் கருவாடும் நௌஃபரிடம் இருக்கிறது, பகிர்ந்து சாப்பிடுங்கள். அன்னம்மாள் தாயார் தன் முந்தானைக்குள் உன்னை வைத்துக் காக்கட்டும், உன் கைப்பட்டதெல்லாம் விளங்கட்டும்.

ஒன்றை மறக்காதே. இதை வாசித்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது என்னைக் கேளாதே, அப்பாவிடம் கொடுங்கோ என்று சொல். லெப்டொப் என்ன மொடல், எவ்வளவு மூளை, என்ன நிறம் என்று அவருக்குச் சொல். அவருக்கு ஒன்றும் விளங்காது, ஆனாலும் எல்லாவற்றையும் சொல்.

உன் அன்பு அம்மா,
ம. அனஸ்தாசியா

பி.கு. எழுதி முடிக்க மணி ஐந்தேகால். போட் சத்தம் இன்னும் கேட்கவில்லை, அப்பா கரைக்குப் போய்விட்டார். ஒட்டாமல் வைத்துவிட்டு நானும் போகிறேன்.

வந்துவிட்டாள் மகன், ஐந்து நாற்பது. நாளைக்கும் போக வேண்டுமாம்.