நெஞ்சளவு இருபத்திரண்டு

டிசம்பர் 2

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் வீட்டில் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டவர் யாரும் கிடையாது. எழுத்து என்றால் விண்ணப்பம்தான். அப்பாவின் லீவு, அண்ணனின் லைசென்ஸ், குழாய் இணைப்பு எல்லாவற்றுக்கும் பத்து வயதிலிருந்து நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேட்பதற்கு ஏதாவது இருந்தால்தான் பேனா எடுப்போம். இப்போது கேட்க ஒன்றுமில்லாமல் எழுதுகிறேன். அதனால் கூச்சமாக இருக்கிறது.

இந்த நோட்டு, நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேண்டாம் என்று போட்டிருந்த பழைய பதிவேடு. ஒவ்வொரு பக்கத்திலும் "தண்ணீர் மாதிரி எண்" என்று அச்சடித்திருக்கிறது. அதை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

எழுதத் தோன்றியதற்குக் காரணம் கோட்டு. எங்கள் நாய்க்குக் கம்பளி நூலில் பின்னுகிறேன். இன்று பதினெட்டாவது வரிசை.

நாயின் பெயர் சூப்பர்வைசர். சுருக்கமாக சூப்பர். அப்பாவுக்கு பிஸ்கட் ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. அங்கே இருக்கும் சூப்பர்வைசர் மாதிரியே இதுவும் ஒரு வேலையும் செய்யாமல் நடுவில் நின்று எல்லாரையும் முறைக்கும். "அங்க ஒருத்தன், இங்க ஒருத்தன்" என்பார் அப்பா. பதின்மூன்று வயது. இதயம் பலவீனம், இந்தக் குளிரைத் தாண்டினால் பெரிய விஷயம் என்று மே மாதம் டாக்டர் சொன்னார். அதனால்தான் கோட்டு. வருடக் கடைசி விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அதற்குப் போட்டுவிட வேண்டும்.

அளவு அம்மா போனில் சொன்னாள். நெஞ்சு இருபத்திரண்டு அங்குலம், முதுகு பதினாறு, கழுத்து பதினான்கு. கேட்டு இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள். "நிக்க மாட்டேங்குதுடி, என்ன பண்றது" என்றாள்.

டிசம்பர் 6

போன் பேசினேன். சூப்பரின் குரலைக் கேட்க வேண்டும் என்றேன். "தூங்குது" என்றாள் அம்மா. "எழுப்புங்களேன், ஒரே ஒரு தடவை." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு குரைப்பு. ஒன்றே ஒன்று.

குரல் கம்மியிருந்தது. சளியாக இருக்குமோ? கோட்டின் கழுத்துப் பகுதியை இன்னும் இரண்டு அங்குலம் நீட்டிவிடலாம்.

டிசம்பர் 9

இருபத்தேழாவது வரிசை. கூடத்தில் இன்று அறுபத்திரண்டு பாட்டில். யாரிடமும் நான்கு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

டிசம்பர் 14

முப்பத்தோராவது வரிசையில் ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. நாற்பதாவது வரிசையில்தான் பார்த்தேன். ஒன்பது வரிசையையும் பிரித்தேன்.

எனக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்தவள் அறையில் கூட இருக்கும் நர்ஸ். "நாய்க்கு இதெல்லாம் தெரியப் போகுதாடி? கட்டிக்கப் போறவனுக்குப் பின்னினாக்கூட இவ்ளோ பாக்க மாட்டாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சொல்லப் பதில் இருந்தது. பள்ளியிலிருந்து கல்லூரி வரை நான் வாய்விட்டுப் படித்ததை முழுக்கக் கேட்டது சூப்பர் மட்டும்தான். வீட்டில் மற்றவர்களுக்கு அது புரியாத சத்தம். பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குத் தொந்தரவு என்று எழுந்து போய்விடுவார்கள். அதுதான் என் பாதத்தின்மேல் படுத்துக்கொண்டு கேட்கும். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குக்கூட அதனிடம்தான் ஒத்திகை பார்த்தேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று நானே கேட்டு நானே பதில் சொன்னேன். ஒருமுறை கொட்டாவி விட்டது. அந்தப் பதிலை மாற்றிக்கொண்டேன்.

டிசம்பர் 19

முடிந்தது. பட்டன் மட்டும் பாக்கி. அம்மா துணிக்கடைக்கு வீட்டிலிருந்தே பட்டன் தைத்துக் கொடுக்கிறாள், ஓரம் மடித்துக் கொடுக்கிறாள். "பட்டன் வேலையை எங்கிட்ட விட்டுடு" என்று முன்பே சொல்லியிருந்தாள். இன்று நினைவுபடுத்தினேன். "ம்" என்றாள்.

என்னமோ, வீட்டில் எல்லாரும் போனைச் சீக்கிரம் வைக்கிறார்கள்.

டிசம்பர் 22

சூப்பர் இல்லை.

அக்டோபர் ஒன்பதாம் தேதியிலிருந்தே இல்லை.

டிசம்பர் 23

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தேன். தெரு முனையிலேயே என் செருப்புச் சத்தம் அதற்குத் தெரிந்துவிடும். நேற்று எதுவும் கேட்கவில்லை. காது மந்தமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கதவருகே அதன் எவர்சில்வர் தட்டு இல்லை. கழுவ எடுத்திருப்பார்கள். மனசு எப்படியெல்லாம் காரணம் கண்டுபிடிக்கிறது!

அம்மா வாசலுக்கு வந்தாள். கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். கோட்டு என் கையில்தான் இருந்தது.

"சூப்பர் எங்கம்மா?"

"முதல்ல உள்ள வா. டீ குடி."

அப்போதே தெரிந்துவிட்டது. பள்ளியின் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்றும் இதேதான். "முதல்ல டீ குடி." குடித்து முடித்ததும் சொன்னார்கள், சித்தி இறந்து பதினோரு நாள் ஆகிவிட்டதென்று. எனக்கு முதல் பேனா வாங்கிக் கொடுத்த சித்தி. படிக்கிற பிள்ளையின் மனசு கலங்கக் கூடாதாம். எங்கள் வீட்டுச் சட்டம் அது. கெட்ட செய்தி எல்லாம் பரீட்சை முடியும்வரை வாசலுக்கு வெளியே காத்திருக்க வேண்டும்.

அக்டோபர் பதினான்கு என் பணி நிரந்தரத் தேர்வு. சூப்பர் ஒன்பதாம் தேதி காலையில், அம்மாவின் தையல் முக்காலிக்குக் கீழே படுத்தபடியே போயிருக்கிறது.

"ரிசல்ட் வந்ததும் சொல்லிடலாம்னுதான் இருந்தோம்" என்றார் அப்பா. "ரிசல்ட் சொல்ல நீ போன் பண்ணின பாரு, அதுலயே சூப்பருக்குக் கோட்டு பின்னப் போறேன்னுட்ட. அதுக்கு மேல எப்படிம்மா சொல்றது?"

டீ ஆறிப்போய்விட்டது. குடிக்கவில்லை.

டிசம்பர் 24

யாரிடமும் பேசவில்லை.

பின்பக்கச் சுவரோரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள். மேலே ஒரு நடைபாதைக் கல். அதன்மேல் அந்தத் தட்டு, கவிழ்த்து. மழைத்தண்ணீர் தேங்கக் கூடாதென்று அண்ணன் கவிழ்த்தானாம். குழி தோண்டியதும் அவன்தான். வேன் ஓட்டப் போக வேண்டிய நேரத்தில் லீவு போட்டிருக்கிறான். லீவு விண்ணப்பத்தை யார் எழுதிக் கொடுத்தது? என்னிடம் கேட்கவில்லையே.

சாயங்காலம் வந்து பக்கத்தில் நின்றான். வழக்கமாக "வாங்க பட்டதாரி" என்பான். இன்று சொல்லவில்லை.

"ஒண்ணு சொல்லணும். அடிக்கக் கூடாது."

நான் திரும்பவில்லை.

"அன்னைக்குப் போன்ல குரைச்சது... நான்தான்."

முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவன் பயந்துபோய், "அம்மா கண்ணக் காட்டுச்சு, நான் என்ன பண்ணுவேன்? குரைச்சுட்டு நான் வேனுக்குள்ள போய் உக்காந்துட்டேன்" என்றான்.

குரல் கம்மியிருந்தது ஏன் என்று இப்போது தெரிகிறது.

டிசம்பர் 26

இன்னும் கோபம்தான். இரண்டரை மாதம்! வாரத்துக்கு இரண்டு போன். "சாப்பிட்டுச்சா?" என்று கேட்டிருக்கிறேன். "சாப்பிட்டுச்சு" என்றிருக்கிறார்கள். இல்லாத நாய் எத்தனை வேளை சாப்பிட்டிருக்கிறது! நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா, தொட்டால் உடைந்துவிட? இந்த வீட்டில் நான் யார்? எல்லாருக்கும் ஒரு வீடு இருக்கிறது. எனக்கு மட்டும் வடிகட்டிய வீடு.

அப்பா குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், பேசாமல்.

"திட்டணும்னா திட்டிடும்மா. இப்படி உம்முனு இருக்காத."

"அளவு எப்படிப்பா சொன்னீங்க?" நான்கு நாளில் நான் பேசிய முதல் வாக்கியம்.

அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தளவு, பழைய கழுத்துப் பட்டையிலிருந்து எடுத்தார்களாம். முதுகளவு, அது படுக்கும் சாக்கில் அழுந்தியிருந்த பள்ளத்திலிருந்து. நெஞ்சளவுக்குத்தான் வழி தெரியவில்லை.

"உங்கம்மா போர்வையைச் சுருட்டிச்சு. சுருட்டிக் கட்டிப் புடிச்சுப் பாத்துச்சு. 'இல்ல, இன்னும் கொஞ்சம் தடியா இருக்கும்'னு பிரிச்சுது. மறுபடி சுருட்டிச்சு. ரெண்டு நாள் இதே வேலை. அப்புறம் ஒரு தடவை கட்டிப் புடிச்சுது... கைய எடுக்கவே இல்ல. 'இதுதான், அளந்துக்கோங்க'ன்னுச்சு. டேப்பு புடிச்சது நான்தான். இருபத்திரண்டு."

வாஷரை இறுக்கிவிட்டுக் குழாயைத் திறந்து மூடினார். ஒழுகவில்லை. திரும்பவும் திறந்து மூடினார்.

டிசம்பர் 28

கோட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேடவும் இல்லை.

மதியம் தண்ணீர் குடிக்கப் போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சுருட்டிய போர்வை. போர்வைக்கு என் கோட்டு. பட்டன் வைக்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கச்சிதமா இருக்குடி" என்றாள், திரும்பாமலே. "கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஊசியை நீட்டி, "கோத்துக் குடு" என்றாள். நூல் போகவே இல்லை. கண் நிறைந்திருந்தால் ஊசியின் காது எங்கே தெரியும்? வாங்கி அவளே கோத்துக்கொண்டாள்.

பழுப்புப் பட்டன், நான்கு. நவம்பரிலேயே வாங்கி வைத்திருக்கிறாள். "அதோட நிறத்துக்குப் பொருந்தும்னு" என்றாள்.

மூன்றாவது பட்டன் தைக்கும்போது அவளாகவே சொன்னாள்: "அன்னைக்கு நான் அழவே இல்லடி. நீ போன் பண்ற நேரம் ஆயிடுச்சு. என் குரல் மாறினா நீ கண்டுபுடிச்சுடுவ. மூஞ்சியக் கழுவிட்டு வந்து உங்கிட்டப் பேசினேன். 'நல்லா எழுது'ன்னேன். அப்புறம்... அப்புறமும் அழல. நாளைக்கு நீ போன் பண்ணுவியே."

என்னிடமிருந்து ஒரு சாவை ஒளித்துவிட்டார்கள் என்று நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்காக அவர்கள் தங்களிடமிருந்தும் அதை ஒளித்திருக்கிறார்கள்.

அம்மாவின் முழங்கால்மேல் தலையை வைத்துக்கொண்டேன். போர்வையின் ஒரு முனை என் முகத்தில் பட்டது. அவள் அழுதாள். ஊசி கையிலிருந்தது, அதனால் துடைத்துக்கொள்ளவில்லை. எண்பது நாளாகச் சேர்த்துவைத்த அழுகை.

டிசம்பர் 30

சூப்பரின் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன், வாசனைக்காக.

உள்ளே மாத்திரை அட்டைகள். அப்பாவின் பெயர் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு, நான்காக மடித்தது. இதயப் பிரிவு.

மூடி வைத்துவிட்டேன்.

சாப்பிடும்போது கேட்டேன். "உடம்பு எப்படிப்பா இருக்கு?"

"எனக்கென்ன? ஒண்ணுமில்ல."

அண்ணன் ரொட்டியைப் பார்த்தான். அம்மா எனக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினாள். எனக்கு மார்ச்சில் அடுத்த பரீட்சை. எல்லாருக்கும் தேதி தெரியும்.

ஜனவரி 1

டப்பாவைத் திறந்து பார்த்தேன் என்று இன்றாவது நான் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

ஜனவரி 2

பஸ் ஏற்றிவிட மூவரும் வந்தார்கள். அப்பா பையைத் தூக்க வந்தார். நான் விடவில்லை. "அட, குடும்மா" என்று இழுத்தார். "அவளே தூக்கட்டும்" என்று அம்மா சட்டென்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜன்னல் வழியாகச் சொல்லலாம் என்று பத்து நிமிடம் இருந்தது. என்னால் முடியவில்லை. நேர்முகத் தேர்வில் பேசியவள், கருத்தரங்கில் பேசியவள். மூன்று பேரிடம் பேச முடியவில்லை.

பஸ் நகரும்போது, இந்தப் பதிவேட்டிலிருந்து கிழித்த தாளை அண்ணன் கையில் திணித்தேன். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. அதனால் "வீட்டுக்குப் போய் சத்தமா வாசி" என்றேன்.

"என்ன பட்டதாரி, விண்ணப்பமா?" என்று கேட்டான்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஜனவரி 4

அண்ணன் போன் பண்ணினான். இரண்டு தடவை வாசித்தானாம். இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னது அம்மாவாம். கோட்டைப் போர்வையிலிருந்து கழற்ற மட்டும் அவள் யாரையும் விடவில்லையாம். அது சுருட்டியபடியே முக்காலிக்குக் கீழே இருக்கிறது.

பிறகு போன் அப்பாவிடம் போனது. ரொம்ப நேரம் தொண்டையைச் செருமினார். "பத்தொன்பதாம் தேதி ஆஸ்பத்திரில ஒரு டெஸ்ட் இருக்கும்மா. குழாய் விட்டுப் பாக்கறதாம். பயமாத்தான் இருக்கு. சொல்லிட்டேன்" என்றார்.

நான் அழுதேன். அவர் போனை வைக்கவில்லை.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், பதினெட்டிலிருந்து.

அந்தத் தாளில் எழுதியது மறந்துவிடக் கூடாதென்று இங்கே மறுபடி எழுதி வைக்கிறேன்:

அம்மா, அப்பா, அண்ணனுக்கு,

உங்களுக்காக எத்தனையோ விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். எனக்காக எழுதுவது இதுதான் முதல். அம்மா போர்வையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நானும் அங்கே இருந்திருக்க வேண்டும். டேப்பின் இன்னொரு முனையை நான் பிடித்திருக்க வேண்டும். பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டேன். இனிமேல் யாருக்கு என்ன ஆனாலும், எனக்குப் பரீட்சை இருந்தாலும், அது மறுநாள் காலையிலேயே இருந்தாலும், அன்றைக்கே என்னைக் கூப்பிடுங்கள். சேர்ந்து அழுதுவிட்டு, நான் போய்ப் பரீட்சை எழுதுகிறேன்.