நெய் தொட்டுப் பிடித்த ‘வீகன்’ உருண்டையும் அதற்காக வேலை இழந்த பெண்ணும்

அனுப்புநர்
சு. பீமாராவ்,
எண் 14, இரண்டாவது குறுக்குத் தெரு,
கே.கே. நகர், மதுரை – 625 020.

பெறுநர்
உயர்திரு நியமன அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புத் துறை,
மதுரை மாவட்டம்.

பொருள்: மாமருதம் சூப்பர் மார்க்கெட், கே.கே. நகர் கிளை – ‘வீகன், அலர்ஜி இல்லாத தின்பண்டங்கள்’ என்ற பலகையின் கீழ் நெய் சேர்ந்த உருண்டை விற்றது – என் மகள் பாதிக்கப்பட்டது – தவறு செய்யாத பணியாளர் நீக்கப்பட்டது – விசாரணை கோருதல் தொடர்பாக.

பார்வை: மேற்படி நிறுவனம் எனக்கு அனுப்பிய பதில் கடிதம் (நகல் இணைக்கப்பட்டுள்ளது).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் மனைவி, மகளுடன் வசித்து வருகிறேன். அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். வரும் மனுக்களைப் பதிவு செய்து, பதில் தயாரித்து, மேலதிகாரியின் கையெழுத்துக்கு வைப்பதே என் வேலை. ஒரு திங்கட்கிழமையில் தங்கள் மேசை எப்படி இருக்கும் என்பதை அறிவேன். எனவே சுருக்கமாக எழுதவே எண்ணினேன். முடியவில்லை. பொறுத்துக்கொண்டு முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

1. என் மகள் பவதாரிணிக்கு ஒன்பது வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்குப் பால் ஒவ்வாமை இருப்பது தெரிந்துவிட்டது. பால், தயிர், வெண்ணெய், நெய், பால் பவுடர் எது சேர்ந்தாலும் உடம்பு தடிக்கும், உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். வளர வளரச் சரியாகிவிடும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவளுக்குச் சரியாகவில்லை. விசேஷ வீடுகளுக்கு அவளுக்கென்று தனி டப்பா எடுத்துச் செல்கிறோம். ‘ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, நீங்கதான் பிள்ளையப் பயமுறுத்தி வச்சிருக்கீக’ என்று சொல்லாத உறவினர் குறைவு. அவர்களிடம் விளக்குவதை நானும் என் மனைவி இசைவாணியும் நிறுத்திவிட்டோம்.

2. இரண்டு வருடங்களாக நகரத்துப் பெரிய கடைகளில் ‘வீகன்’ என்ற பெயரில் பால் இல்லாத பிஸ்கட்டும் சாக்லேட்டும் வரத் தொடங்கின. கே.கே. நகர் மாமருதம் கடையில் அதற்கென்று தனி வரிசையே வைத்து, மேலே பச்சை நிறத்தில் பெரிய பலகையும் மாட்டினார்கள். அதன் பிறகு சனிக்கிழமை மாலை நானும் மகளும் அங்கே போவது வழக்கமாயிற்று. ஒரு முறைக்கு ஒரு புதுப் பாக்கெட். வீட்டுக்கு வந்து பிரித்து, மூவரும் தின்று பார்ப்போம். அவள் மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தாள்: ‘தின்னலாம்’, ‘பசிச்சாத் தின்னலாம்’, ‘அப்பா தின்னலாம்’. ஓட்ஸ் பிஸ்கட் இரண்டாவது வகை. தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம் வீடு வந்து சேர்வதற்குள் உருகியதால் அதற்கு இன்னும் தீர்ப்பு சொல்லப்படவில்லை. வெளிநாட்டு அரிசி பிஸ்கட்டை ஒரு கடி கடித்துவிட்டு, ‘செருப்பு வாங்குன அட்டைப்பெட்டி மாதிரி இருக்குப்பா’ என்று என்னிடம் நீட்டினாள். மூன்றாம் வகையில் சேர்ந்தவை என் அலுவலக மேசை இழுப்பறையில் இன்றும் இருக்கின்றன. மாலையில் டீயோடு தின்று தீர்க்க முயல்கிறேன்.

3. அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டவர் செல்வி திவ்யா. பேரையூரைச் சேர்ந்தவர், மதுரையில் விடுதியில் தங்கி வேலை பார்த்தார். பாக்கெட்டின் பின்புறத்தை நான் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தால் மற்றப் பணியாளர்கள் முகம் சுளிப்பார்கள். அவர் சுளித்ததில்லை. ‘பாப்பா, இந்த வாரம் புதுசு ஒண்ணு வந்திருக்கு, ஆனா நல்லா இருக்குமான்னு தெரியல’ என்று என் மகளிடம் உள்ளதைச் சொல்வார். சந்தேகமானவற்றை, ‘இது வேணாம் சார், எனக்கே வெளங்கல’ என்று திரும்ப எடுத்து வைத்துவிடுவார்.

4. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது வரிசையில் புதிதாகக் கேழ்வரகு உருண்டை இருந்தது. பரவையில் உள்ள அந்நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்புக் கூடத்தில் செய்து, ஒளி ஊடுருவும் டப்பாவில் அடைத்தது. மேலே ‘வீகன் கருப்பட்டி உருண்டை’ என்ற பெயரும் விலையும் மட்டுமே இருந்தன. என்னென்ன சேர்ந்தது என்று எங்கும் எழுதவில்லை. அன்று கூட்டம் அதிகம் என்பதால் திவ்யாவைப் பில் போடும் இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். எனவே மேலாளர் திரு. அழகுபாண்டி அவர்களைக் கூப்பிட்டு, இதில் பால், வெண்ணெய், நெய் ஏதும் உண்டா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: ‘வீகன்னா சுத்த சைவம் சார். முட்டைகூடக் கிடையாது. பால் ஒரு சொட்டு இல்ல. தைரியமா வாங்கிட்டுப் போங்க.’ நான் மூன்றைக் கேட்டேன். அவர் ஒன்றுக்குத்தான் பதில் சொன்னார். இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

5. வீடு வரை பொறுக்க முடியாமல், வண்டி நிறுத்துமிடத்திலேயே டப்பாவைத் திறக்கச் சொன்னாள். ஒரு உருண்டையை முழுதாகத் தின்றாள். ‘இது தின்னலாம்ப்பா. அம்மாவுக்கு ரெண்டு போதும், மிச்சம் எனக்கு’ என்றாள். அந்த வகையில் அவள் முழு மனதோடு சேர்த்த முதல் பண்டம் அது என்பதால் எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. வண்டியை எடுப்பதற்குள் கழுத்தைச் சொறியத் தொடங்கினாள். உதடு தடித்தது. ‘அப்பா, தொண்டைக்குள்ள என்னமோ இருக்கு’ என்றபோது குரல் மாறியிருந்தது. எப்போதும் பையில் இருக்கும் மருந்தைக் கொடுத்தேன். அது போதவில்லை. இந்தப் பத்தியை இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. மருத்துவமனைச் சுருக்கம் இணைப்பில் உள்ளது.

6. கடைக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து இதைப் பார்த்த திவ்யா, பில் போட்டுக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வெளியே வந்தார். ஆட்டோவை நிறுத்தியவர் அவர். என் மகளின் தலையைத் தன் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனை வரை வந்தவரும் அவரே. அங்கே உடனே ஊசி போட்டார்கள். குழந்தை என்ன சாப்பிட்டது என்று மருத்துவர் கேட்டார். ‘வீகன் சார், பால் கிடையாது, கேட்டுத்தான் வாங்கினேன்’ என்பதையே நான் திரும்பத் திரும்பச் சொன்னதாகப் பின்னர் அறிந்தேன். திவ்யா தன் கைப்பேசியில் பரவைக் கூடத்தின் இனிப்பு மாஸ்டர் திரு. சிவனாண்டி அவர்களை அழைத்து, மருத்துவரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். ‘அண்ணே, கேவுரு உருண்டையில நெய் சேத்தீகளா?’ என்றார். ‘உள்ள சேக்கல தாயி. கையில ஒட்டாம இருக்க நெய்யத் தொட்டுத்தான் பிடிக்கிறோம். அது பால் கணக்குல வராதுல்ல?’ என்று பதில் வந்தது. நெய்யில் பாலின் சத்து கொஞ்சம் மிஞ்சியிருக்கும், இந்தக் குழந்தைக்கு அதுவே அதிகம் என்று மருத்துவர் விளக்கினார். அதற்கு அந்த மாஸ்டர், ‘யாரும் சொல்லலையே சார்’ என்றார். பிறகு, ‘பிள்ளை இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்டார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை.

7. இறையருளாலும் மருத்துவர்களாலும் மறுநாள் மாலை மகளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அதன் பின் அந்நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதினேன். அந்த உருண்டையைத் திரும்பப் பெற வேண்டும், உண்மையாகும் வரை பலகையை இறக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். உடனிருந்து உதவிய பணியாளருக்கு நன்றியும் தெரிவித்திருந்தேன். அவர் பெயரை நான்தான் எழுதினேன்.

8. பார்வையில் கண்ட பதில் வந்தது. ‘தங்கள் புகாரின் பேரில், அப்பிரிவின் பொறுப்பாளர் செல்வி திவ்யா, கவனக்குறைவு மற்றும் அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு வெளியேறியமைக்காகப் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார். தங்கள் புகார் இத்துடன் முடித்துவைக்கப்படுகிறது’ என்று அதில் இருந்தது. கூடவே, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்தி அன்பளிப்பாக ஒரு இனிப்புப் பெட்டி. அதில் பால்கோவா இருந்தது. என் மனைவி திறந்து பார்த்துவிட்டு, மூடி, என் அலுவலகப் பைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் அதை அலுவலகத்தில் கொடுத்தேன். நன்றாக இருந்தது என்றார்கள்.

9. நேரில் விளக்கலாம் என்று கடைக்குப் போனேன். உருண்டை அதே இடத்தில் இருந்தது. பலகையில் ‘வீகன்’ என்பதற்குப் பக்கத்தில் ‘100% சுத்த சைவம்’ என்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள். மேலாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, ‘அந்தப் பொண்ண எடுத்தாச்சுல்ல சார். இன்னும் என்ன சார் வேணும் உங்களுக்கு?’ என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

10. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் இசைவாணியும் பேரையூர் சென்று திவ்யாவைப் பார்த்தோம். ‘பாப்பா நல்லா இருக்காளா சார்?’ என்பதுதான் அவர் முதலில் கேட்டது. பிறகு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். ‘ஒங்க லெட்டரக் காட்டித்தான் சார் வேலைய விட்டு எடுக்குற பேப்பர்ல கையெழுத்து வாங்குனாக. லெட்டரப் படிச்சுப் பாக்கக்கூட விடல. நீங்க என் மேலதான் எழுதியிருக்கீகன்னு நெனச்சேன்.’ என் மனைவி கைப்பேசியில் இருந்த எங்கள் புகாரின் படத்தை அவரிடம் காட்டினார். அவர் இரண்டு முறை படித்தார். ‘நல்லாத்தான எழுதியிருக்கீக’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். மதுரையில் வேறு கடைகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார். முன்பு இருந்த இடத்தில் ஏன் நீக்கினார்கள் என்று கேட்கிறார்களாம். ‘பிள்ளைக்கு ஒத்துக்காதத வித்துட்டேன்னு அந்தப் பேப்பர்ல இருக்கு. அதக் காட்டுனா யாரு சார் வேலை குடுப்பா?’ என்றார். அவர் அந்த உருண்டையை விற்கவில்லை என்பதை இங்கு மீண்டும் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

11. என் மகள் பள்ளிக்குப் போய் வருகிறாள். உடம்புக்குக் குறைவில்லை. ஆனால் புதிதாக எதையும் வாயில் வைப்பதில்லை. வீட்டில் இசைவாணி செய்த எள்ளுருண்டையைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு, ‘நீங்க மொதல்ல தின்னுங்கப்பா’ என்கிறாள். நான் தின்றால் எதுவும் நிரூபணமாகாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தும் தின்கிறேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேண்டாம் என்று எழுந்து போய்விடுகிறாள். சனிக்கிழமைகளில் நாங்கள் இப்போது எங்கும் போவதில்லை.

12. ‘இன்னும் என்ன வேணும்’ என்று மேலாளர் கேட்ட கேள்விக்கான பதிலைத் தங்களிடம் தெரிவிக்கிறேன். பரவைக் கூடத்திலும் கே.கே. நகர் கடையிலும் அந்த உருண்டையின் மாதிரியை எடுத்துச் சோதிக்க வேண்டும். ‘வீகன்’ என்றும் ‘அலர்ஜி இல்லாதது’ என்றும் எழுதி விற்பதற்கு விதிகள் உண்டு என்று அறிகிறேன். அவற்றின்படி இல்லாத பலகையை இறக்க உத்தரவிட வேண்டும். கடையிலேயே அடைத்து விற்கும் டப்பாக்களில், சேர்ந்த பொருள்களையும் கையில் தொட்டுக்கொண்ட பொருளையும் தமிழில் எழுத வைக்க வேண்டும். சைவம் வேறு, வீகன் வேறு, நெய்யும் பால்தான் என்பதைச் செய்கிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒரு முறை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இனிப்பு மாஸ்டரையோ மேலாளரையோ வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தயவுசெய்து அப்படி எதுவும் நடந்துவிட வேண்டாம்.

13. மேலும், செல்வி திவ்யாவைத் தங்கள் அலுவலகம் சாட்சியாக அழைத்து விசாரித்து, இந்நிகழ்வில் அவர் மீது தவறில்லை என்று கண்டால், அதை எழுத்தில் அவருக்கு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வேறு கடையில் வேலை கேட்கும்போது காட்டுவதற்கு அவருக்கு ஒரு தாள் வேண்டும். முந்தைய புகாரை அவரைக் கேட்காமல் அனுப்பினேன். இந்த மனுவை அனுப்புவதற்கு முன் மீண்டும் பேரையூர் சென்று, அவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் சம்மதத்தைப் பெற்றிருக்கிறேன். ‘மேனேஜரப் பத்திக் கொஞ்சம் கொறச்சு எழுதுங்க சார், அவரும் சம்பளத்துக்கு இருக்குறவருதான்’ என்றார். அவ்வாறே குறைத்திருக்கிறேன்.

14. தாங்கள் விளக்கம் கேட்கும்போது, பொறுப்பான பணியாளர் நீக்கப்பட்டுவிட்டார் என்ற அதே கடிதத்தை அந்நிறுவனம் தங்களுக்கும் அனுப்பக்கூடும். கோப்பை முடிக்க அது வசதியான கடிதம் என்பது என் தொழில் அனுபவத்தில் எனக்குத் தெரியும். அருள்கூர்ந்து அதை என் புகாருக்கான தீர்வாக ஏற்க வேண்டாம். அன்று மாலை அந்தக் கடையிலிருந்து என் மகளுக்காக வெளியே வந்தவர் ஒருவர்தான். என் புகாரால் இதுவரை தண்டனை பெற்றவரும் அவர் ஒருவர்தான். இம்மனு எத்தனை நாள் நிலுவையில் இருந்தாலும் காத்திருக்கச் சம்மதம். அவர் பெயரைச் சொல்லி மட்டும் இதை முடித்துவிட வேண்டாம் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நேரத்துக்கு நன்றியுடனும், எழுத்துவழிப் பதில் வரும் என்ற எதிர்பார்ப்புடனும்,

இடம்: மதுரை
நாள்: 18.08.2025

இப்படிக்கு,
(ஒப்பம்) சு. பீமாராவ்

இணைப்புகள்:
மருத்துவமனைச் சுருக்கம் – நகல்
நிறுவனத்தின் பதில் கடிதம் – நகல்
செல்வி திவ்யா கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் – அசல்
உருண்டை டப்பாவின் புகைப்படம்

நகல்: செல்வி திவ்யா, பேரையூர் – தகவலுக்காக.