பத்துக் கிலோ குறைந்த பிறகு

லிந்துலை
2025 ஜனவரி 7

என் வீட்டுக்காரி ரபீக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆகவே பேக்கரி நலம், அடுப்பு நலம், உன் பூனையும் நலம்.

நீ இறம்பொடையில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டாவது வாரம் நடக்கிறது. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஷஸ்னாவுக்கு எடுத்தால், "உம்மா உங்களைக் கடிதம் எழுதச் சொல்றா வாப்பா" என்கிறாள். கல்யாணம் பேசிய காலத்திலேயே நான் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இந்த வயதில் எழுத வைத்துவிட்டாய்.

அன்றைக்குப் பேக்கரியில் மா மூட்டைப் பக்கமாகச் சற்றே சாய்ந்துவிட்டேன், அவ்வளவுதானே? இதயத்தில் பெரிதாக ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஈரலில் கொழுப்பு, ரத்தத்தில் சீனி, கொஞ்சம் பிரஷர். இந்த மூன்றும் இல்லாத முதலாளி ஒருவரை ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை தேடிக் காட்டு பார்ப்போம். இதற்காகவா பெட்டி கட்டுவது?

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். மகளுக்குச் சுகமில்லை என்று பள்ளிவாசல் வாசலில் நின்று பொய் சொல்கிறேன். அந்தப் பாவம் உன் கணக்கில்தான். நோன்பு நெருங்குகிறது. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு என்னை யார் எழுப்புவது? நீ இல்லாத வீட்டில் தனியே உட்கார்ந்து நோன்பு திறக்க என்னால் ஆகாது. வந்துவிடு.

உன் ஏச்சுக்கு ஏங்கும்
இஸ்ஸதீன்


இறம்பொடை
ஜனவரி 12

மகளின் வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். போனில் பேசினால் நீங்கள் சிரிக்க வைப்பீர்கள். சிரித்தால் நான் வந்துவிடுவேன். அதற்காகத்தான் கடிதம்.

சற்றே சாய்ந்தீர்களா? உதடு நீலம் பாரித்துத் தரையில் கிடந்தீர்கள். உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் கலிமா சொல்லத் தொடங்கிவிட்டேன். கண் திறந்ததும் என்னிடம் முதலில் கேட்டது பணிஸ் கருகிவிட்டதா என்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்த வாரமே மேசைக்குக் கீழே ஒளித்து, மீன் வைத்த மாலு பணிஸ் தின்றீர்கள். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். அதையும் ஒரு பகிடியாக்கிவிட்டீர்கள்.

நான் உங்களோடு வாழ வந்தவள். விதவையாகி உங்களுக்காக இத்தா இருக்க வந்தவள் இல்லை. நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்திச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. பத்துக் கிலோ குறையுங்கள். குறைந்த பிறகு கூப்பிடுங்கள், அடுத்த பஸ்ஸிலேயே வருகிறேன்.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தாதி மிஸ்ஸி சொன்னது உங்கள் காதில் ஏறியிருக்காது. கொழுப்புத்தான் கரைய வேண்டும், தசை கரையக் கூடாது, தசை போனால் வயதான காலத்தில் எழும்பி நிற்க ஏலாது என்றார். மருமகன் அப்ராஸ் உங்களுக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கி அனுப்புகிறார். அவர் ஓடச் சொல்கிறார். எனக்கென்னவோ நடப்பதுதான் நல்லதென்று படுகிறது. உங்கள் காலுக்கு எது சம்மதமோ அதைச் செய்யுங்கள். ஏதாவது செய்யுங்கள்.

ரபீக்கா


லிந்துலை
ஜனவரி 27

அன்பு ரபீக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். சப்பாத்து வந்தது. கடும் பச்சை நிறம். மருமகனுக்கு என் மேல் என்ன கோபமோ.

நடப்பதா, ஓடுவதா என்று ஒரு பகல் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து யோசித்தேன். நடப்பது பென்ஷன்காரர் வேலை. பத்துக் கிலோவை நடந்து குறைப்பதென்றால் நீ அடுத்த வருட நோன்புக்குத்தான் வருவாய். ஓடினால் சீக்கிரம் முடியும். எனக்கு அவசரம். ஓடுகிறேன்.

காலைப் பாண் வியாபாரம் முடிந்ததும் தோட்டத்து ரோட்டில் ஏறி, தேயிலை வழியாக ஓடி இறங்குகிறேன். காலையில் சீனியில்லாத பிளேன் டீ, பகலுக்கு வெள்ளரிக்காய், இரவுக்கு மரக்கறி சூப். பேக்கரிக்காரன் வாயில் பாண் படவில்லை என்றால் ஊரில் யார் நம்புவார்கள்? ஆனால் தராசு நம்புகிறது. நீ கேட்டதில் ஏறக்குறையப் பாதி போய்விட்டது. காற்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். எழும்பி நிற்கும்போது கொஞ்சம் கிறுகிறுக்கிறது. அது கொழுப்பு கரைகிற அடையாளம் என்று நானே கண்டுபிடித்தேன்.

ஷஸ்னாவின் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். பார். பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வை.

உன்னை நோக்கி ஓடிவரும்
இஸ்ஸதீன்


இறம்பொடை
ஜனவரி 31

மகளின் வாப்பாவுக்கு,

ஸலாம். படம் பார்த்தேன். ஷஸ்னா வாப்பா இளமையாகிவிட்டார் என்றாள். நான் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயிறு பாதி அப்படியே இருக்கிறது, தோளைத்தான் காணவில்லை. அந்தத் தோளைப் பார்த்து, இவன் உழைத்துச் சோறு போடுவான் என்று நம்பித்தான் என் வாப்பா என்னை உங்களுக்குக் கொடுத்தார். கன்னமும் ஒட்டிப்போயிருக்கிறது.

நான் குறைக்கச் சொன்னது கொழுப்பை, உங்களையல்ல. ஒரு முட்டையாவது சாப்பிடுங்கள். ஒரு முறை மிஸ்ஸியிடம் போய்க் காட்டுங்கள்.

ரபீக்கா


லிந்துலை
பெப்ரவரி 5

அன்பு ரபீக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் ஒன்று: யாருக்கும் உயிராபத்து இல்லை. இனி வாசி.

திங்கட்கிழமை காலையில் கடும் பனி. காதில் குளிர் ஏறாமலிருக்கப் பெரிய டவலைத் தலையோடு முகம் மூடச் சுற்றிக்கொண்டு ஓடினேன். மேல் மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேயிலைக்கு நடுவே ஒருவன் தலையை மூடிக்கொண்டு கை காலை வீசி ஓடினால் இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. யாரோ "குளவி" என்று கத்தினார்கள். கூடைகளைப் போட்டுவிட்டு மலையே இறங்கி ஓடியது. அந்தச் சத்தம் கேட்டதும் நானும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். என்னைப் பார்த்து அவர்களும், அவர்களைப் பார்த்து நானும் ஓடினோம். அங்கே ஒரு குளவிகூட இல்லை.

அந்த ஓட்டத்தில் நாகலெட்சுமி, நம்மிடம் நாள் தவறாமல் பாண் வாங்குகிறாளே, அவள் கால் தண்ணீர் ஓடுகிற காணுக்குள் மடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவன் நான்தான். தூக்கி ரோட்டில் விடலாம் என்று குனிந்தேன். மெலிந்த உடம்பு, மா மூட்டையின் கனம்கூட இல்லை. தூக்கினேன். முழங்கால் நடுங்கி இரண்டு பேருமாகத் தேயிலைக்குள் உட்கார்ந்துவிட்டோம். மறுபடி முயன்றேன். முடியவில்லை ரபீக்கா. வலியிலும் அவள் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாள். "விடுங்க மொதலாளி. ஓடி ஓடி நீங்க ஒண்ணுமில்லாம போயிட்டீங்க. அவங்க வந்து தூக்கிக்குவாங்க" என்றாள். இரண்டு பெண்கள் வந்து அவளைப் பூக்கூடை மாதிரித் தூக்கிப் போனார்கள்.

வெட்கமாக இருக்கிறது. மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு இது.

ஆஸ்பத்திரிக்கு அவளோடு நானும் போனேன். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். மிஸ்ஸி என்னைக் கண்டதும் பிடித்து உட்கார வைத்துப் புஜத்தை அழுத்திப் பார்த்தார். "ஓடுறது குத்தமில்ல. பட்டினி கெடந்து ஓடுனீங்க பாருங்க, அதான் குத்தம். ஒடம்பு கொழுப்போட சேத்துத் தசையையும் தின்னுருக்கு" என்று திட்டினார். என் கனத்துக்கும் முழங்காலுக்கும் முதலில் விறுவிறுவென்று மேடு ஏறி நடப்பதுதான் சரியாம். கையால் ஏதாவது பாரம் தூக்க வேண்டுமாம். மூன்று வேளையும் முட்டையோ மீனோ பருப்போ கட்டாயமாம். உடம்பு தேறிய பிறகு ஆசையிருந்தால் ஓடலாமாம்.

ஓடுகிற ஆசை போய்விட்டது. போகாவிட்டாலும் வழியில்லை. மலையைப் பார்த்துக்கொள்கிற கண்டாக்கு ஐயா, நடந்து வந்தால் வரலாம், ஓடி வந்தால் போலீசுக்குச் சொல்வேன் என்றிருக்கிறார்.

சிரித்து முடிந்ததும் பதில் எழுது.

இஸ்ஸதீன்


லிந்துலை
பெப்ரவரி 17

அன்பு ரபீக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் பதில் வரவில்லை. சிரித்து முடியவில்லையா, இல்லை கோபமா?

நாகலெட்சுமி கால் ஊன்ற ஆரம்பித்திருக்கிறாள். அவளால் கடைக்கு இறங்கி வர முடியாதென்று முதல் நாள் அவளுக்கு மட்டும் பாண் கொண்டு போனேன். பக்கத்து வீட்டுக்காரி தனக்கும் கேட்டாள். மறுநாள் அந்த லயத்து வரிசை வீடு முழுக்கக் கேட்டது. இப்போது தினமும் ஒரு சாக்கு நிறையப் பாணை முதுகில் போட்டுக்கொண்டு மேல் லயம் வரை நடக்கிறேன். முதல் வாரம் வழியில் நின்று நின்றுதான் போனேன். என்னைக் கண்டால் பெண்கள் டவலால் தலையை மூடிக்காட்டிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், உரிமை இருக்கிறது. லொறியில் வருகிற மாவையும் இப்போது நானே இறக்குகிறேன். முட்டை, பருப்பு, மீன், கீரை எல்லாம் சாப்பிடுகிறேன். பாணும் ஒரு துண்டு உண்டு, மறைக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் கஷ்டம். இன்று தராசில் ஏறினேன். ஓடிய நாட்களில் குறைந்ததில் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. இடுப்பு மட்டும் நிற்காமல் குறைகிறது, இது நல்ல அறிகுறி என்று மிஸ்ஸி சந்தோஷப்படுகிறார். ஆனால் நீ கேட்டது இடுப்பையல்ல, பத்துக் கிலோவை. அதில் பாதிகூட ஆகவில்லை. நோன்புக்கு முன்னால் ஆகாது.

ஒரு வாரம் பட்டினி கிடந்து ஓடினால் தராசை ஏமாற்றிவிடலாம். நீயும் வந்துவிடுவாய். இரண்டு நாள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். செய்யமாட்டேன். நீ வந்த பிறகு நான் நெடுநாள் இருக்க வேண்டும், அதற்கு இப்படி மெதுவாகத்தான் வழியிருக்கிறது. தனியே ஆகாது என்று எழுதியவன்தான், ஆனாலும் இந்த நோன்பைத் தனியே பிடித்துக்கொள்கிறேன். நோன்புப் பெருநாளைக்கும் ஆகாவிட்டால் ஹஜ்ஜுப் பெருநாள் வரை பொறுத்துக்கொள். நான் நடந்துகொண்டுதான் இருப்பேன்.

உன் இஸ்ஸதீன்


இறம்பொடை
பெப்ரவரி 23

என் அன்புக்குரியவருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் குளவிக் கடிதத்துக்கு நான் சிரிக்கவில்லை. ஒரு மெலிந்த பெண்ணைத் தூக்க முடியாமல் நீங்கள் உட்கார்ந்தீர்கள் என்பதை வாசித்துவிட்டு, என் பிடிவாதத்தாலேயே உங்களை மௌத்தாக்கப் போகிறேனோ என்று பயந்துபோனேன். பயத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

புதன்கிழமை, துணி எடுக்க நுவரெலியா போகிறேன் என்று ஷஸ்னாவிடம் பொய் சொல்லிவிட்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். உங்களை ஒளிந்து பார்த்துவிட்டுத் திரும்பத்தான். லிந்துலைக்குக் கிட்ட ரோட்டு வேலை, பஸ் நின்றுவிட்டது. ஜன்னலால் பார்த்தால் மேலே தோட்டத்து ஏற்றத்தில் நீங்கள். முதுகில் சாக்கு. காலில் அந்தப் பச்சைச் சப்பாத்து. மலையிலிருந்து ஒரு பெண் ஏதோ சொல்ல, நீங்கள் நிற்காமல் ஏறிக்கொண்டே சிரித்தீர்கள். சிரிப்புச் சத்தம் பஸ் வரைக்கும் கேட்டது. நம் வீட்டுப் படி ஏறினால் பேச மூச்சில்லாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிசர். தோளும் திரும்பியிருந்தது.

இறங்கியிருப்பேன். இறங்கினால் ஊர் பார்க்க அழுதிருப்பேன். தலவாக்கலை வரை போய் வேறு பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது.

பத்துக் கிலோ என்பது கோபத்தில் என் வாயில் வந்த கணக்கு. அதற்கு வேறு ஒரு நியாயமும் இல்லை. நீங்கள் உயிரை மதிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இந்த நோன்பைத் தனியே பிடிக்கிறேன் என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் எனக்கு எல்லாக் கோபமும் போய்விட்டது. நம்பரையும் திறந்துவிட்டேன். ஆனால் எடுக்க வேண்டாம், நேரில் பேசுவோம்.

வியாழக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். அப்ராஸ் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார், மறுத்துவிட்டேன். நீங்களும் த்ரீவீலர் பிடிக்க வேண்டாம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீட்டு ஏற்றம் முழுக்க இரண்டு பேரும் நடந்தே போவோம். பெட்டி நல்ல கனம். இங்கே என்னுடைய ஒரு துணியைக்கூட விட்டு வைக்கவில்லை. நீங்கள் தூக்குவீர்கள் என்று நம்பித்தான் எல்லாவற்றையும் அதில் அடுக்கினேன்.

உங்கள்
ரபீக்கா